ஜாபிக்ஸ் 6.0 டிஸ்க் டெம்ப்ளேட்: அளவு சரி, அலாரம் அரைகுறை

புதுச்சேரி ஒயிட் டவுன் விருந்தினர் இல்லத்தின் புக்கிங் தளம், நேரு வீதி ஜவுளிக்கடையின் ஆன்லைன் விற்பனை, கடலூர் கல்லூரியின் அட்மிஷன் போர்ட்டல். இப்படி ஏழெட்டு சின்ன சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர், காசில்லாமல் கண்காணிப்பு வேண்டுமென்றால் ஜாபிக்ஸ் (Zabbix) என்ற இலவச கண்காணிப்பு மென்பொருள் பக்கம் வராமல் இருக்கமாட்டார். இங்கே பார்ப்பது 6.0 பதிப்போடு வரும் லினக்ஸ் டெம்ப்ளேட்டின், அதாவது எதை அளப்பது, எப்போது அலாரம் அடிப்பது என்ற ஆயத்தத் தொகுப்பின், டிஸ்க் பகுதியை மட்டும். பழசாயிற்றே என்று தள்ளிவிட வேண்டாம். சர்வரைப் புதிய பதிப்புக்கு ஏற்றினாலும் டெம்ப்ளேட் தானாக மாறாது, தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும். அதைச் செய்யாத இடங்களில் ஓடுவது இன்றும் இதேதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏஜெண்ட் (ஒவ்வொரு சர்வரிலும் இருந்து அளந்து அனுப்பும் சின்ன புரோகிராம்) தரும் எண்ணை நம்பலாம். அந்த எண்ணை வைத்து டெம்ப்ளேட் எடுக்கும் முடிவை அப்படியே நம்பக் கூடாது.

நல்லது நிறைய இருக்கிறது. மவுண்ட் ஆன (ஒரு டைரக்டரியில் இணைக்கப்பட்ட) டிஸ்க்குகளை மணிக்கொரு முறை தானே தேடிச் சேர்த்துக்கொள்கிறது. உபுண்டுவில் ஸ்னாப் பேக்கேஜ்களின் மவுண்ட் எப்போதும் 100% நிறைந்ததாகவே காட்டும். டாக்கர் ஓடினால் ஒரே டிஸ்க் பத்து பெயரில் தெரியும். இரண்டையும் ஃபைல் சிஸ்டம் வகை பார்த்து ஒதுக்கிவிடுகிறது. ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு) கணக்கையும் எடுக்கிறது: காலி ஐநோடு 20%-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 10%-க்குக் கீழே போனால் அவசரம். பிஹெச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்து, ஜிபி கணக்கில் இடம் இருந்தும் “இடமில்லை” என்று தளம் விழும் சிக்கலை இது முன்கூட்டியே பிடித்துவிடும்.

கோளாறு டிஸ்க் இடத்துக்கான டிரிகரில் (அலாரம் அடிக்கும் விதியில்) இருக்கிறது. அவசர அலாரம் அடிக்க இரண்டு நிபந்தனை வேண்டும். பயன்பாடு 90%-ஐத் தாண்ட வேண்டும். கூடவே, மீதி இடம் 5 ஜிபிக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது கடந்த ஒரு மணி நேரப் போக்கின்படி ஒரு நாளுக்குள் நிரம்பிவிடும் என்று கணக்கு வர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த “மீதி இடம்” மொத்தத்திலிருந்து பயன்பட்டதைக் கழித்து வருவது. லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று, அதாவது சிஸ்டத்தின் நிர்வாகிக்கென்று, ஒதுக்கி வைக்கும். அதுவும் இந்த மீதியில் சேர்ந்துவிடுகிறது.

200 ஜிபி டிஸ்க் என்றால் ஒதுக்கீடு 10 ஜிபி. மைஎஸ்க்யூஎல்லும் பிஹெச்பியும் 190 ஜிபியைத் தின்று தளம் நின்றே போனாலும், டெம்ப்ளேட் கண்ணுக்கு 10 ஜிபி மீதி. 5 ஜிபி நிபந்தனை நிறைவேறவே நிறைவேறாது. பாக்கி இருப்பது ஒரு மணி நேரப் போக்கு மட்டும். பகல் முழுக்க 97%-ல் அசையாமல் நிற்கும் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கில் ஆபத்தே இல்லை; இரவு பேக்கப் ஓடும்போது ஒரே மூச்சில் நிரம்பிவிடும். 40 ஜிபி விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) ஒதுக்கீடு 2 ஜிபிதான் என்பதால் இந்தத் தொல்லை தெரியாது. ஒதுக்கீடு 5 ஜிபியைத் தொடும் 100 ஜிபி டிஸ்க்கிலிருந்து இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் ரூட்டுக்கு இப்படி 5% ஒதுக்கீடு கிடையாது.

சரிசெய்ய, முதலில் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கமாண்டை சின்ன எல் ஆப்ஷனோடு ஓட்டி, ஒதுக்கிய பிளாக் எண்ணிக்கையைப் பாருங்கள். 200 ஜிபி டிஸ்க்கில் 26,21,440 பிளாக் இருக்கும். 4096 பைட்டால் பெருக்கினால் 10 ஜிபி. அதோடு உங்களுக்கு வேண்டிய 5 ஜிபியைக் கூட்டி, அந்த ஹோஸ்ட்டின் (கண்காணிக்கப்படும் சர்வரின்) மேக்ரோ பக்கத்தில், அதாவது வரம்பு எண்களை மாற்றும் இடத்தில், அவசர வரம்பை 15 ஜிபி என்று மாற்றிவிடுங்கள். எச்சரிக்கை வரம்பு 10 ஜிபியாக இருக்கும், அதை 20 ஆக்குங்கள். டெம்ப்ளேட்டில் கைவைக்க வேண்டாம், அது எல்லா ஹோஸ்ட்டையும் பாதிக்கும். டேட்டா மட்டும் இருக்கும் தனி டிஸ்க் என்றால், டியூன்2எஃப்எஸ்ஸின் சின்ன எம் ஆப்ஷனில் ஒதுக்கீட்டை 1% ஆக்குவது இன்னும் சுலபம். ஓடும்போதே செய்யலாம். ரூட் டிஸ்க்கில் (சிஸ்டமே இருக்கும் டிஸ்க்கில்) மட்டும் அதைத் தொடாதீர்கள். எல்லாம் நிரம்பிய நேரத்தில் உள்ளே நுழைந்து சுத்தம் செய்ய அந்த இடம்தான் கைகொடுக்கும்.

அடுத்தது இந்தக் கரைக்காரர்களுக்கு முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாட்களில், அலுவலக சர்வர் யுபிஎஸ் தீர்ந்து அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழும். பேக்கப் டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் (எழும்போது மவுண்ட் செய்ய வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலில்) “நோஃபெயில்” என்று போட்டிருந்தால், அந்த டிஸ்க் எழாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். பேக்கப் டைரக்டரி காலியாக நிற்கும். ஏஜெண்ட் அந்த டைரக்டரியின் அளவைக் கேட்டால், கர்னல் ரூட் டிஸ்க்கின் எண்ணைக் கொடுக்கும். பிழை இல்லை, அலாரம் இல்லை. இரண்டு கிராஃபும் ஒரே எண்ணில், ஒரே கோடாக ஓடும். பேக்கப் ரூட் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு அந்த மவுண்ட்டின் மொத்த அளவு மாறினாலே அடிக்கும் டிரிகர் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். மொத்த அளவு சும்மா மாறாது. ஒரு முறை மாறி அடுத்த நிமிடமே டிரிகர் அணைந்துவிடாமல் இருக்க, ரெகவரியை “இல்லை” என்று வைத்து, கையால் மூடும்படி விடுங்கள். கூடுதல் காப்பாக, டிஸ்க்கை அவிழ்த்த நிலையில் காலி டைரக்டரிக்கு சிஹெச்ஏடிடிஆர் (chattr) கமாண்டில் பிளஸ் ஐ போட்டால், மவுண்ட் இல்லாதபோது ரூட் பயனரே அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆவதை அது தடுக்காது. ஏற்கெனவே எழுதித் தொலைத்திருந்தால், டிஸ்க்கை மவுண்ட் செய்த பிறகு அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும், ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) கமாண்டுக்கும் தெரியாது. ரூட் டிஸ்க்கை வேறொரு டைரக்டரியிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து அதற்குள் பாருங்கள்.

ஜாபிக்ஸ் 92% என்கிறது, டியூ கூட்டினால் பாதிதான் வருகிறது என்றால், குறை ஜாபிக்ஸில் இல்லை. யாரோ வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் (nginx) லாக்கைக் கையால் அழித்திருப்பார்கள். பிராசஸ் அதைத் திறந்தே வைத்திருப்பதால் இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் (lsof) கமாண்டை பிளஸ் எல்1 ஆப்ஷனோடு ஓட்டினால் பிராசஸ் எண்ணோடு வந்துவிடும். என்ஜின்எக்ஸ் மாஸ்டருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல டெம்ப்ளேட்டில் எதுவும் இல்லை, அதற்காக மார்க் குறைக்கவும் தோன்றவில்லை.

கடைசியாக, ஜாபிக்ஸ் சர்வரின் சொந்த டிஸ்க். அதன் தரவை மைஎஸ்க்யூஎல்லில் வைத்திருந்தால், பழைய ஹிஸ்டரி வரிகளை அது அழித்தாலும் டேபிள் ஃபைல் சுருங்காது. ஆப்டிமைஸ் செய்தால் சுருங்கும், ஆனால் அதற்கு டேபிளை நகலெடுக்கும் அளவு காலி இடம் வேண்டும். ஆகவே அந்த மெஷினுக்கு மட்டும் எச்சரிக்கையை 80%-ல் விடாமல் 60%-க்கு இறக்கி, மீதி இடம் பார்க்கும் நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள்.