பின்பால் மெஷினை கமிஷன் கடையில் விற்கக் கொடுத்து ரூ.2,05,000 போச்சு, பழைய பொருள் விற்கிறவர்கள் தயவுசெய்து படிங்க

கோவையில் பழைய மரச்சாமான், கிராமபோன், கடிகாரம் எல்லாம் கமிஷனுக்கு விற்றுத் தரும் ஒரு கடை. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. அப்பாவின் பின்பால் மெஷினை அங்கே விற்கக் கொடுத்தோம். நேற்று சாயங்காலம் "கணக்கு முடிஞ்சுதுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார் கடைக்காரர். மெஷினும் இல்லை, வர வேண்டிய ரூ.2,05,000 பணமும் இல்லை. விற்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்கு: கண்ணாடி மூடிய சாய்வான விளையாட்டு மேசை, உள்ளே இரும்புக் குண்டு, பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பிளிப்பர் என்கிற சின்ன மட்டை அந்தக் குண்டை மேலே தட்டிவிடும். அப்பாவுடையது 1970களில் வந்த காட்லீப், சிகாகோ கம்பெனி. சிப், போர்டு எதுவும் கிடையாது, முழுக்க ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), காயில் (கம்பிச் சுருள்), சுழலும் எண் உருளைகள், பாயின்ட் ஏறினால் உள்ளே நிஜ மணியே அடிக்கும். குன்னூர்ப் பக்கம் ஒரு கிளப்பில் ஓடாமல் கிடந்ததை வாங்கி வந்தார். கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர், எரிந்த காயிலை எல்லாம் தானே சுற்றினார், அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்குச் செய்ததை நம்ம கரண்டில் நேராகப் போட்டால் புகைந்துவிடும் என்று டிரான்ஸ்பார்மரும் தனியாகக் கட்டி ஓட வைத்தார். இப்போது பெருந்துறை வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகிறோம். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் மெஷினுக்கு அங்கே இடமில்லை, அதனால்தான் விற்க முடிவு செய்தோம்.

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். வந்ததும் விலை பேசவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். பின்பக்கக் கதவைத் திறந்து, ரிலேயில் கரண்ட் தொடும் முனை ஒன்றை மெல்லிய அரத்தால் இழைத்துக்கொண்டே, "1947-ல மொதமொதல்ல பிளிப்பர் வெச்சு மெஷின் விட்டதே இந்தக் கம்பெனிதானுங்கய்யா" என்றார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மெஷினைப் பற்றி அவரிடம் உட்கார்ந்து பேச வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அம்மா மோர் கொண்டுவந்தார், இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கப் படக்கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்து, "மதிப்பே இதுலதானுங்க, பின்னாடி அச்சடிச்ச பெயிண்ட் ஒரு எடத்துலகூட உரியல" என்று சொன்னதும் இதே மனுஷன்தான். கமிஷன் போக எங்கள் கைக்கு ரூ.2,20,000, ஊட்டி ரிசார்ட் ஒன்றில் பார்ட்டி தயாராக இருக்கிறது, ஒரு மாசத்தில் முழுப்பணம் என்று பேச்சு. ரூ.15,000 அட்வான்ஸ் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, "கடைக்கு வாங்கம்மிணி, சீல் போட்டே தந்தர்றேன்" என்றார். குட்டியானையில் ஏற்றி அனுப்பினோம், கண்ணாடிக்கு அப்பா தன் வேட்டியையே சுற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சாக்குதான். பார்ட்டி வெளிநாடு போயிருக்கிறார். ஆடி மாசம், யாரும் வாங்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஜிஎஸ்டி பில் சிக்கல். நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள், மெஷினைக் காட்டுங்கள் என்றால் குடோனில் இருக்கிறதாம். கடைப் பையன்தான் வாய் தவறி, "அது பெங்களூர் போயிருச்சுங்க்கா" என்றான். அதை வைத்து முதலாளியிடம் கேட்டபோது என்ன பதில் தெரியுமா? "அம்மிணி, நீங்க எதுக்குங்க அலையறீங்க, அப்பாவைப் பேசச் சொல்லுங்க." அப்பாவே பேசினார். மெஷின் ஓடவே இல்லையாம், கண்ணாடியில் பெயிண்ட் உரிந்திருந்ததாம், பழைய இரும்பு விலைக்குத்தான் போனதாம், கொடுத்த ரூ.15,000-த்தோடு சரியாம். ஏற்றுவதற்கு முன்னால் மெஷின் ஓடி மணி அடிக்கும் வீடியோ என் போனில் இருக்கிறது! தன் கையால் சுற்றிய காயிலை ஓடாது என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ரூ.2,05,000 போனதைவிட எனக்கு இதுதான் வயிறு எரிகிறது.

போலீசில் சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் போட்டுக் கொடுத்து, இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் இந்த வாரம் போகிறது.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முழுப்பணம் வராமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கமிஷனுக்குத்தான் கொடுப்பீர்கள் என்றால் விலை, தேதி, பொருள் இருக்கும் நிலை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கார்டில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓடுகிற வீடியோவை வாங்குகிறவரையும் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள்.

பெங்களூரில் சமீபத்தில் காட்லீப் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் உள்ளே பாருங்கள், காயில்கள் மேல் மஞ்சள் டேப்பில் நீல மையில் தமிழில் சுற்றுக் கணக்கு எழுதியிருந்தால் அது எங்களுடையது. மெஷினைத் திருப்பிக் கேட்க மாட்டோம். உங்களுக்கு என்ன விலைக்குக் கொடுத்தார் என்ற பில் காப்பி மட்டும் அனுப்புங்கள், போதும்.