கலியாணக் கசெற்றைப் பென்ட்ரைவில் ஏற்றக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

பழைய வீஎச்எஸ் வீடியோக் கசெற்றைப் பென்ட்ரைவில் ஏற்றித் தருகிறோம் என்று யாழ் நகரில் போர்டு போட்ட கடைகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும் விடுமுறைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கலியாணம் 2003இல் நடந்தது. ஏ9 பாதை திறந்த அடுத்த வருடம் என்பதால் கொழும்பு, கனடா என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வந்திருந்தது. அம்மம்மா நடந்து பேசித் திரிவதைப் பார்க்க எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு கசெற்தான். நாங்கள் கொடுத்த கடையில் கசெற் ஒன்றுக்கு 4,500 ரூபா. "ஃபுல் எச்டியில தாறம் அண்ணை, யோசிக்காதேங்கோ" என்றார் கடைக்காரத் தம்பி.

வீட்டில் போட்டுப் பார்த்தால், படத்துக்குக் குறுக்கே அகலமான ஒரு கறுப்புப் பட்டை மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முகத்தில் நிற்கிறது. அம்மம்மா அறுகரிசி போடும்போது அவவின் கையை மூடிவிடுகிறது. மேல் மூலையில் ஒரு ரியூப் லைட். கமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. கெட்டிமேளத்துக்கு நடுவே ஓட்டோ ஹோர்ன் வேறு.

"பழைய கசெற் எண்டா அப்பிடித்தான் அண்ணை வரும்" என்றார்கள். அது முழுப் பொய். கசெற் பழுதானால் வெள்ளைப் புள்ளி வரும், கோடு இழுக்கும், நிறம் மங்கும். ஊரும் கறுப்புப் பட்டைக்குக் காரணம் வேறு: கசெற் போடும் டெக்கைப் பழைய பெட்டி ரீவியில் ஓட விட்டு, முன்னால் ஸ்ராண்டில் கமராவை வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். ரியூப் லைட், ரீவிக் கண்ணாடியில் தெரிந்த கடை வெளிச்சம்; ஹோர்ன், றோட்டுச் சத்தம்.

பெட்டி ரீவியின் கண்ணாடியில் முழுப் படமும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. பின்னால் இருந்து வரும் இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு என்று மேலிருந்து கீழ்வரை வரைந்துகொண்டே போகும். செக்கனுக்கு 15,625 கோடுகள். கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து உடனேயே மங்கத் தொடங்கிவிடும். வேகம் காரணமாக நம் கண்ணுக்கு அது முழுப் படமாகத் தெரிகிறது. கமராவுக்கு அப்படித் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வரைய 1/50 செக்கன் வேண்டும். ஷட்டர் அதைவிடக் குறைந்த நேரம் திறந்து மூடினால், கற்றை இன்னும் போய்ச் சேராத பகுதி இருட்டாகப் பதியும். ரீவியும் கமராவும் அச்சொட்டாக ஒரே வேகத்தில் ஓடாததால் அந்த இருட்டு ஊரும்.

சாவகச்சேரியில் மாமா வீட்டில் இன்னும் ஒரு டெக்கும் பெட்டி ரீவியும் இருக்கின்றன. அதே கசெற்றை அதில் போட்டோம். பட்டை இல்லை, ரியூப் லைட் இல்லை. அம்மம்மாவின் கை தெளிவாகத் தெரிந்தது.

அதைச் சொல்லிச் சண்டை பிடித்த பிறகு, வயர் மூலம் கணினியில் ஏற்றி வேறொரு கொப்பி தந்தார்கள். பட்டை போய்விட்டது. ஆனால் மாலை மாற்றும்போது கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல் கிழிந்து நிற்கிறது. நம் நாட்டு ரீவி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அதில் படம் தாங்குபவை 576. ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் 1/50 செக்கன் கழித்து மறு தடவை பதிவாகும். அதற்குள் கை நகர்ந்துவிடும். பெட்டி ரீவி அவற்றை வந்த வரிசையிலேயே காட்டுவதால் உறுத்தாது. கணினியில் இரண்டையும் ஒன்றாக அடுக்கினால் பல் தெரியும். முறைப்படி பிரித்து, செக்கனுக்கு 50 படமாக்கினால் சரியாகிவிடும். இவர்களோ பிரிக்காமலே 1080 கோடுகளுக்கு இழுத்துவிட்டார்கள். கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் அந்தக் கோப்பை இனி ஒழுங்காகத் திருத்துவது மிகக் கஷ்டம். போதாததற்கு அகலத்தையும் இழுத்து எல்லோரையும் குண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கசெற்றில் இல்லாத கோடுகளை எச்டி என்ற பெயர் கொண்டுவந்து தராது. அதற்கென்று ஒரு சதம்கூட மேலதிகமாகக் கொடுக்காதீர்கள்.

காசு திரும்ப வரவில்லை. அதைவிடக் கவலை, இரண்டாவது கசெற்றின் ஒரு இடத்தில் அவர்களின் டெக் நாடாவைக் கசக்கிவிட்டது.

கொடுக்க முன் டெக் எதில் பொருத்தியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். காட்ட மறுத்தால் கசெற்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆட்கள் ஆடுகிற, ஓடுகிற ஒரு துண்டை முதலில் ஏற்றித் தரச் சொல்லி, வீட்டில் பெரிய திரையில் பாருங்கள். அகலம் 720, உயரம் 576 புள்ளி அளவில், கோடுகளைத் தொடாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கசெற்றின் ஜன்னலுக்குள் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் துப்புரவாக்காமல் ஓட விட வேண்டாம். கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. இப்போது கடைகளில் இருப்பதெல்லாம் பழைய டெக்தான், நாடாவை வாசிக்கும் தலை அழுக்காக இருந்தால் நாடாவுக்குத்தான் ஆபத்து.

எங்கள் கசெற்றுகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். மாமாவின் டெக் ரீவியில் படத்தைக் காட்டும், ஆனால் கணினிக்கு எடுக்கும் துளை உடைந்திருக்கிறது. நல்லூர், கொக்குவில், மானிப்பாய் பக்கம் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.