சொன்ன பேச்சைக் கேட்கும் மோடம்

மலேசியாவில் பஹாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக (ஆபீஸ் குமாஸ்தாவாக) இருந்தபோது, 2001-இல், செம்பனைக் குலைக் கணக்கைத் தினமும் சாயந்திரம் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை டெலிபோன் லைன் வழியாக இணையத்தில் சேர்க்கும் கருவிதான் மோடம்; உள்ளே இருந்த அது ஒரு இடி மழையில் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. அப்புறம்தான் சிரம்பானில் ஒரு கடையில் யூஎஸ் ரோபோட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் 56கே மோடத்தை, பழசுதான், 120 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கினேன். வெளியே வைக்கும் பெட்டி. மானம் கறுத்தால் டெலிபோன் கம்பியைப் பிடுங்கிவிடலாம்.

முதல் நாளே தகராறு. எண்ணைச் சுழற்றாமலே 'நோ டயல்டோன்' என்று நின்றுவிட்டது. ரிசீவரைக் காதில் வைத்தால் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆபீஸ் டெலிபோன் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போவதும், வெளிலைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பதும் பிறகுதான் உறைத்தது. அந்த எக்ஸ்சேஞ்சின் சத்தம் வேறு மாதிரி. மோடத்துக்கு அது டயல்டோனாகவே படவில்லை.

மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அடிக்க உதவும் ஹைப்பர்டெர்மினல் புரோகிராமைத் திறந்து 'ஏடி' என்று அடித்தேன். 'ஓகே' என்றது. ஹேஸ் கம்பெனி 1981-இல் விநாடிக்கு 300 பிட் அனுப்பும் தன் மோடத்துக்காகக் கொண்டு வந்த பாஷை அது. கூப்பிடுவதற்கு 'ஏடி', பின்னால் வேலை. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்தால் டயல்டோனுக்குக் காத்திராமல் எண்ணைப் போடும். அடுத்து 'ஏடிடிடி9,1515': 'டிடி' என்றால் எண்ணைப் போடு, 9 வெளிலைனுக்கு, 1515 இணையச் சேவையின் எண். நடுவிலே நிற்கும் அந்தக் காற்புள்ளிதான் உயிர்: அங்கே மோடம் 2 விநாடி மூச்சு விடுகிறது, அதற்குள் வெளிலைன் வந்துவிடுகிறது. போதாவிட்டால் இன்னொரு காற்புள்ளி. நான் இரண்டு வைத்தேன்.

இணைப்புக் கிடைத்ததைக் காட்டும் சிடி விளக்கு எரிந்ததும் கூட வேலை செய்த தங்கச்சி, "அண்ணே, புடிச்சிருச்சு!" என்று கத்தினாள். மறுநாள் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) நேரத்தில்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. தோட்டத்து லைன் செம்பனைக்கு நடுவே மைல் கணக்கில் வருகிறது; இணைப்புப் பெட்டியில் ஈரம் ஏறினால் ஒரே இரைச்சல். மோடம் அதிக வேகத்துக்கு ஆசைப்பட்டு, பாதி மெயிலில் அறுந்து போகும். '&என்14' போட்டு 28.8கே-யில் (விநாடிக்கு 28,800 பிட்) நிறுத்தப் பார்த்தேன். அந்த வேகம் கிடைக்காத நாளில் இணையவே மறுத்தது. '&என்14&யூ6' என்று சேர்த்துக் கொடுத்ததும் சரியானது: மேலே 28.8கே, கீழே 9600, இதற்குள் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள். 'எஸ்10=50' கொடுத்தேன், சிக்னல் 5 விநாடி தொலைந்தாலும் பொறுக்கும். கடைசியில் '&டபிள்யூ' அடித்தால் எல்லாம் உள்ளேயே பதிந்துவிடும்; மின்சாரம் போய் வந்தாலும் மறப்பதில்லை.

மானேஜர் பேசும்போது கீச்சுச் சத்தம் வேண்டாமென்றால் 'ஏடிஎம்0'. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். எண் போகிறதா, பிஸியா, எதிர்ப்பக்கம் எடுத்ததா என்று காதே சொல்லிவிடும்.

56கே என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். அது கீழே வரும் வேகம் மட்டும், அனுப்பும்போது 56கே மோடங்களுக்கான வி.90 தரத்தில் 33.6கே-தான் உச்சம். எங்கள் லைனில் அதுவும் எட்டியதில்லை. தினம் ஒரு கணக்கு அனுப்ப அது தாராளம்.

இன்றைக்கு ஃபேக்ஸுக்காகவோ பழைய மெஷினுக்காகவோ பழைய சாமான் கடையில் இதைக் கண்டால், தயங்காமல் வாங்குங்கள். அதன் சொந்த அடாப்டர் கூட இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைக்காரரிடம் டெலிபோன் லைன் கேட்டு மாட்டி, 'ஏடிடிடி' அடித்து உங்கள் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். சட்டைப்பையில் மணி அடித்த பிறகு காசை எடுங்கள்.