போர 12 எஸ்ஜி தோட்டா: காகிதக் கூடா, பிளாஸ்டிக் கூடா?

துப்பாக்கி போன வாரம்தான் கண்டியிலிருந்து திருத்தி வந்தது. சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் விளிம்பு தேய்ந்து ஒரு பக்கம் மழுங்கியிருந்தது, அதை நிரப்பி அராவிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பண்டாரவளையில் இருக்கும் ஒரு தம்பி கேட்கிறார். தாத்தா காலத்துத் துப்பாக்கியின் அனுமதிப்பத்திரம் இப்போது அவர் பெயருக்கு வந்துவிட்டதாம். "அண்ணே, பன்றிக்கு எந்தத் தோட்டாப் பெட்டி வாங்குறது, காகிதமா பிளாஸ்டிக்கா?" இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் காகிதக் கூடு தோட்டாவை வருடக் கணக்கில் பாவித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நல்லதும் கெட்டதும்.

என்னிடம் இருப்பது பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி பெற்ற பழைய இங்கிலாந்து இரட்டைக் குழல். வலது குழல் திறந்தது, இடது குழல் இறுக்கமான சோக், அதாவது வாய்ப்பக்கம் குறுகியது. இடம் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம். மேலே யூகலிப்டஸ் காடு, கீழே தேயிலை மலை, நடுவில் என் உருளைக்கிழங்கும் கரட்டும். ஒரு ராத்திரி கூட்டமாக இறங்கினால் விதைக்கிழங்குக்கு வாங்கிய கடன் மட்டும்தான் மிஞ்சும், இதை மலைநாட்டு ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுருக்குக் கம்பி கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் மரக்கறிக் காணியில் கட்டிய கம்பியில் கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாளில் செத்தும் போனது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, பக்கத்து வீட்டு நாய் எது என்று தெரியாது. தீனிக்குள் ஒளித்து வைக்கும் வெடியான ஹக்கபட்டாஸும் அப்படித்தான், வாய் கிழிந்த மிருகம் நாள் கணக்கில் பட்டினியில் கிடந்து சாகும். காவல் என்றால் ஆள் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ரைபிள் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். அவருடைய மைத்துனர் ஆஸ்திரேலியாவில் .308 ரைபிளில் 150 கிரெய்ன் சொஃப்ட் பொயின்ட் குண்டு போட்டுப் பன்றி அடிக்கிறாராம். அந்த நாட்டுக்கு அது மிகச் சரியான தேர்வு. 150 கிரெய்ன் என்றால் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முனையில் ஈயம் வெளியே தெரியும், உடம்புக்குள் போனதும் அது விரிந்து வேகத்தை உள்ளேயே செலவழிக்கும். ஆண் பன்றியின் தோளில் கேடயம் மாதிரி ஒரு தடித்த தோல் வளருமே, அதையும் கடந்து நெஞ்சு வரை போகும். ஆனால் அது வெட்டவெளிக்கான ஆயுதம். குறி தப்பிய .308 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழிலாளர் லயம், ஒரு கோயில், ஒரு பாதை. நம் கைக்கு அனுமதி கிடைப்பதும் ஒரே தோட்டாவில் பல ஈயக் குண்டுகளை, அதாவது சன்னங்களை, வீசும் ஷொட்கனுக்குத்தான். அதுவும் குறைந்த ஆபத்து இல்லை. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் எத்தனை கஜம் தூரம் பறக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எஸ்ஜி என்ற பெரிய சன்னம் 0.33 அங்குலம், அப்படியென்றால் 700 கஜத்துக்கு மேல். பின்னால் மண் திட்டு இல்லாத இடத்தில் நான் விசையில் விரல் வைப்பதே இல்லை, பன்றி எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

சரி, தோட்டாவுக்கு வருவோம்.

காகிதக் கூடு எஸ்ஜி. ஒரு பெட்டி முழுக்க ஒன்பது சன்னத் தோட்டாக்கள். இதன் அடி என் குழலில் எப்படி விழுகிறது என்றால், இருபத்தைந்து எட்டு வைக்கும் தூரத்தில் வெட்டி விரித்த யூரியா சாக்கைத் தொங்கவிட்டு, அதில் பன்றியின் முன்பக்க நெஞ்சளவுக்குக் கரியால் வட்டம் போட்டு அடித்துப் பார்த்தால், ஆறு ஏழு சன்னம் வட்டத்துக்குள் நிற்கும். அதுவும் வலது குழலில். எல்லோரும் சொல்வது இறுக்கமான குழல்தான் தூரம் போகும் என்று. சின்னச் சன்னத்துக்கு அது உண்மை. எஸ்ஜிக்கு என் துப்பாக்கியில் அது பொய்யாகிப் போனதுதான் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம், காரணம் விளங்கியதும் இன்னும் சந்தோஷம். எஸ்ஜி ஒன்று 8.4 மில்லிமீட்டர். போர 12 குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். மூன்று சன்னம் ஒன்றையொன்று தொட்டபடி ஒரு அடுக்காக உட்கார 18 மில்லிமீட்டரும் கொஞ்சமும் போதும். ஆகவே மூன்று மூன்றாக மூன்று அடுக்கு, அழகாக உட்காரும். வலது குழலில் அந்த அடுக்கு குலையாமல் வெளியே வருகிறது. இடது குழலின் வாயில் முழு சோக் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்குகிறது, மூன்றும் சேர்ந்து நுழைய இடமில்லை, ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வருகின்றன. நசுங்கிய ஈயம் நேராகப் பறக்காது. சாக்கில் பார்த்தால் இரண்டு மூன்று சன்னம் ஓரத்துக்கே போயிருக்கும். இந்தச் சாக்கு வேலையைச் செய்யாமல் பன்றிக்கு முன்னால் நிற்பது பெரிய தப்பு என்று நான் யாரிடமும் சொல்வேன்.

ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்றால், இங்கே காயப்பட்ட பன்றி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கீழே தேயிலைக்குள் போகும். இடுப்பளவு செடி, நடுவில் கான் (வடிகால்), அதற்குள் அது படுத்துக்கொள்ளும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கொழுந்துக்குக் கூடையோடு ஏறும் பெண்கள் முதலில் மிதிப்பது அந்த நிரைகளைத்தான். கொம்புப் பல் வைத்த ஆண் பன்றி காயத்தோடு எழும்பினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஒரு சன்னம் வட்டத்துக்கு வெளியே போவதுகூட எனக்குப் பொறுக்காது. முப்பது எட்டுக்கு மேல் நிற்கும் பன்றிக்கு நான் வெடி வைப்பதில்லை, தகரம் தட்டித் துரத்திவிடுவேன்.

இவ்வளவு நல்ல தோட்டாவில் என்ன குறை? ஈரம். ஈரம். ஈரம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர், கந்தப்பளையும் அதே குளிர்தான். வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் புரட்டாசி வரை வீட்டுச் சுவரே வியர்க்கும். காகிதக் கூட்டுக்கு மெழுகு தடவித்தான் தொழிற்சாலையில் அனுப்புகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயை உள்பக்கமாகச் சுருட்டி மேலே ஒரு அட்டை மூடி வைத்திருக்கிறார்களே, அந்த விளிம்பு வழியாக ஈரம் இறங்குகிறது. முதலில் கூடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஊதும். கையில் பிடித்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. குழலில் போட்டால் பாதி வரை போய் நின்றுவிடும். கட்டை விரலால் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகும், பூட்டு மூடாது. கஷ்டப்பட்டு மூடிச் சுட்டாலும் அதோடு தீராது, சுட்ட கூடு குழலோடு ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் பித்தளை விளிம்பைப் பிடித்து இழுக்கும், விளிம்பு வழுக்கும், கூடு அப்படியே உள்ளே. ராத்திரியில், மழைத் தூற்றலில், டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கீழே எங்கோ உறுமும் சத்தம் கேட்க, நீளக் குச்சி ஒன்றைத் தேடி முன்னாலிருந்து குத்தித் தள்ள வேண்டும். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு மழைக்காலமும் இதே கதை. கண்டியில் திருத்துகிறவரும் எக்ஸ்ட்ராக்டரைப் பார்த்தவுடன் "காகிதத் தோட்டாதானே?" என்று கேட்டார்.

பெட்டியில் இதைப் பற்றி ஒழுங்கான எச்சரிக்கை கிடையாது. உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, இந்த மலையில் உலர்ந்த இடம் எங்கே இருக்கிறது? பிஸ்கட் டின்னில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே சிலிக்கா பொதிகளும் வறுத்த அரிசியும் வைத்துப் பூட்டி வைக்கிறேன். டின்னுக்குள் இருக்கும் வரை பழுதில்லை. காவலுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சட்டைப் பையில் மூடுபனியோடு ஒரு ராத்திரி இருந்தால் போதும், திரும்ப டின்னில் போடத் தகுதியில்லை. சிலர் அடுப்புக்கு மேல் பரணில் வைத்துக் காய வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெடிமருந்தை நெருப்புக்கு மேல் வைப்பதே ஆபத்து, ஊதிய காகிதமும் பழைய அளவுக்குத் திரும்பாது.

பிளாஸ்டிக் கூட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாய் நட்சத்திர மடிப்பு. நனைந்தாலும் துடைத்துப் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், சுட்டதும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மழைக்காலத்தில் ஒன்றுகூடச் சிக்கியதில்லை. ஆனால் என் குழலில் இதன் அடி கொஞ்சம் பரவுகிறது. அதே இருபத்தைந்து எட்டில் வட்டத்துக்குள் ஐந்து, சில நேரம் நாலு. எல்ஜி கிடைத்த காலத்தில் அதையும் பார்த்தேன். ஒரு அவுன்ஸுக்கு எஸ்ஜி எட்டு என்றால் எல்ஜி ஆறு. ஒவ்வொரு சன்னமும் கனம், ஆழமாக இறங்கும், ஆனால் எண்ணிக்கை குறைவதால் வட்டத்துக்குள் மிஞ்சுவது இன்னும் குறைவு. ஏஏஏ, பிபி, நாலாம் நம்பர் போன்ற சின்னச் சன்னம் எல்லாம் பன்றிக்கு வேண்டாம், தோலுக்கடியில் நின்று சீழ் பிடிக்கத்தான் உதவும்.

தம்பி, உங்கள் துப்பாக்கி தாத்தா காலத்தது என்பதால் ஒரு விஷயம் முக்கியம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் நிறையத் துப்பாக்கிகளின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, 65 மில்லிமீட்டர்தான், அதாவது இரண்டரை அங்குலம். பெட்டியில் 70 என்று போட்டிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும் முன் அது குட்டையாக இருப்பதால் 65 சேம்பரிலும் சுகமாகப் போய் உட்காரும், பூட்டும் மூடும், எல்லாம் சரி என்று தோன்றும். சுடும்போது விரிய இடமில்லாமல் வாய் குழலின் குறுகலுக்குள் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். குழலின் அடியில் தட்டையான பக்கத்தில் முத்திரை இருக்கும், துப்பாக்கி திருத்துகிறவரிடம் காட்டி அளந்து கேளுங்கள். அதற்கு முன் ஒரு தோட்டாவும் வாங்க வேண்டாம்.

இனி கேள்விக்குப் பதில். நியாயமாகப் பார்த்தால் உங்களுக்குக் காகிதம்தான் சொல்ல வேண்டும். பண்டாரவளை ஆனி ஆடியில் காற்றடித்துக் காய்ந்து கிடக்கும் ஊர், எங்கள் மழை உங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், உங்கள் ஈரம் ஐப்பசி கார்த்திகையில்தான். அடியிலும் அதுதான் சுத்தம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம்.

ஆனாலும் பிளாஸ்டிக் வாங்குங்கள். கிழங்கு விளைந்து நிற்கும்போதுதான் பன்றி வரும், அது மழையோடு வந்தாலும் வரும். முதல் வெடியில் விழாத பன்றி கீழே தேயிலைக்குள் இறங்கப் பார்க்கும்போது பூட்டுத் திறந்து கூடு வெளியே வராத துப்பாக்கியால் ஒரு பிரயோசனமும் இல்லை. பரவுகிற அடிக்கு நாலு எட்டு இன்னும் கிட்டப் போங்கள், இருபது எட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். என்னிடம் மிச்சமிருக்கும் காகிதப் பெட்டியை மாசி பங்குனி வெயிலில் தீர்ப்பேன், அதற்குப் பிறகு அந்தக் கூட்டை எவ்வளவு நன்றாக அடித்தாலும் வாங்கப் போவதில்லை.