காரைக்குடியில ஒரு டயட்டீஷியனுக்காக காத்திருந்த கதை

பள்ளத்தூர்ல சொந்தத்துல ஒரு சாந்தி கல்யாணம், அதுக்குத்தான் சிங்கப்பூர்ல இருந்து லீவு போட்டுட்டு போனது, ஆனா பாதி லீவு காரைக்குடியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. அப்பத்தாவுக்கு சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, இப்ப கால் ரெண்டும் வீங்கி, கிட்னி வேல குறைஞ்சா ரத்தத்துல ஏறுற கிரியேட்டினின் ஏறி, பொட்டாசியமும் இருக்க வேண்டியதுக்கு மேல 5.8ல நிக்குது. டாக்டர் நல்லா பாத்தாரு, லேப் ரிப்போர்ட் உடனுக்குடன் போனுக்கே வந்துருச்சு, ரூமும் சுத்தம். குறையே சொல்ல முடியாது, சாப்பாட்டு விஷயம் வர்ற வரைக்கும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் குடுத்தாங்க. ஓட்ஸ், ஆப்பிள், தினமும் கீரை, தாகத்துக்கு இளநீர். சுகர்காரங்க எல்லாருக்கும் அதே தாள்தான் போல. டாக்டரோட சீட்டுல பாத்தா "பொட்டாசியம் குறைக்கவும்"னு இருக்கு, கீரையும் இளநீரும் பொட்டாசியம் இல்லாம வேற என்னவாம்? ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் குடுத்திருக்காங்க! போதாததுக்கு பாக்க வர்ற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் கையில ரெண்டு இளநியோடதான் வர்றாங்க. டயட்டீஷியன்கிட்ட பேசணும்னு கேட்டா, மேடம் மதுரையில இருந்து வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க, வர்ற வியாழக்கிழமை வாங்கன்னாங்க. அந்த மேடம் மேல எனக்கு கோவம் இல்ல, ஒரு ஆளு எத்தனை ஊருக்குத்தான் ஓடும்.

சிங்கப்பூர்லயும் டயட்டீஷியன் ஒண்ணும் கொட்டிக் கிடக்கல. அங்க தேசிய பல்கலைக்கழக மருத்துவமனையில மூணே நிமிஷத்துல முடியிற மாதிரி ஒரு ஸ்க்ரீனிங் உருவாக்கியிருக்காங்க, எடை குறைஞ்சிருக்கா, சாப்பாடு குறைஞ்சிருக்கா, உடம்புல சதை கரைஞ்சிருக்கான்னு நர்ஸே பாத்து மார்க் போட்டுருவாங்க, மார்க் ஏறுனவங்கள மட்டும் டயட்டீஷியன் பாப்பாங்க. அது பணக்கார ஊரு, இங்க எப்படி நடக்கும்னு கேக்கலாம். நம்ம தமிழ்நாட்டுலயே காசநோய்க்கு 2022ல இருந்து இது நடக்குதே, நோய் தெரிஞ்ச உடனே உயரம் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், பிடிக்காம எந்திரிச்சு நிக்க முடியுதா, இத சுகாதார ஊழியர்களே பாத்து மோசமா இருக்கவங்கள அட்மிட் பண்ண அனுப்புறாங்க. இதுக்கெல்லாம் டயட்டீஷியன் வந்துதான் ஆகணும்னு இல்ல.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு நெஜமாவே ஆச்சரியம். மக்களைத் தேடி மருத்துவத்துல, அதான் வீட்டுக்கே வந்து பாக்குற தமிழ்நாடு அரசுத் திட்டம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்களே, மாசாமாசம் பிரஷர் சுகர் மாத்திரை கொண்டாந்து குடுக்குற அக்கா அப்பத்தாவ பாத்துட்டு நர்ஸம்மாவ கூட்டிட்டு வந்தாங்க. அந்தம்மா எடை மெஷினை ஓரமா வச்சுட்டு அப்பத்தா கையப் புடிச்சு வளையல முழங்கை வரைக்கும் தள்ளிப் பாத்தாங்க. "ஆச்சி, இது எப்ப இருந்து இப்படி லூசா ஓடுது? ஜாக்கெட் தோள்ல நிக்குதா?" கால்ல நீர் கோத்திருந்தா மெஷின்ல எடை கூடத்தான் காட்டும், சதை கரைஞ்சது தெரியாதுன்னு என்கிட்ட விளக்கம் வேற. ஏசி ரூம் ஆஸ்பத்திரியில யாரும் இத கேக்கல.

அப்புறம் சமையக்கட்டுக்கே போயிட்டாங்க. எங்க சமையல்கார அக்காகிட்ட காய சின்னதா நறுக்கி நெறைய தண்ணியில வேகவச்சு அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு தாளிங்க, பொட்டாசியம் கொஞ்சம் அதோட போயிரும், ஆனா சூப்பு மட்டும் வச்சுக் குடுத்துராதீங்கன்னு. ஊறுகாய், வத்தல், உப்புக்கண்டம் வேணாம். எங்க பக்கம் இனிப்பா பண்ற கருப்பு கவுனி அரிசி சுகருக்கு நல்லதுன்னு யாரோ சொன்னதுல அப்பத்தா கண்ணு மின்னுச்சு, அதுல கொட்டுற சீனிய யாரு கணக்கு பாக்குறது! சென்னையில இருந்து அத்தை மகன் சோடியம் குறைஞ்ச உப்பு பாக்கெட் வாங்கிட்டு வந்தான், அதத் தடுத்தது யாருன்னா நான் மருந்து வாங்கப் போன கடையில இருந்த தம்பி, அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கும்ணே, ஆச்சிக்கு ஆகாதுன்னு.

வியாழக்கிழமை அந்த மேடத்த பாத்தப்போ, நர்ஸம்மா எழுதிக் குடுத்த சீட்டு, மூணு நாள் சாப்பாட்டுக் கணக்கு, லேப் ரிப்போர்ட் எல்லாம் கையில இருந்துச்சு. அதனால இருந்த கொஞ்ச நேரமும் புரோட்டீன் எவ்வளவு, பருப்பு எத்தனை கரண்டி, முட்டை வெள்ளைக்கரு எத்தனைன்னு உருப்படியான பேச்சா போச்சு. அவங்க படிச்ச படிப்புக்கு இந்த வேலதான குடுக்கணும், ஜெராக்ஸ் தாள் நீட்டுற வேலையா?

கெளம்புறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரி மேனேஜர்கிட்ட ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தேன். அட்மிஷன் ஃபார்ம்ல எடை குறைஞ்சுதா, பசி குறைஞ்சுதான்னு ரெண்டு கேள்வி சேருங்க, கிட்னிக்காரங்களுக்கு தனி தாள் அடிங்க, தாள நீட்டுறதுக்கு முன்னாடி நர்ஸ் லேப் ரிப்போர்ட்ட ஒரு தடவ பாக்கட்டும். வாங்கி டிராயர்ல வச்சுக்கிட்டு, "பாப்போம் சார், எம்டி கிட்ட சொல்றேன்"ன்னாரு.