நல்லூர் பிரெஞ்சுச் சினிமா வகுப்பு: போகலாமா?

சனிக்கிழமை பின்னேரம் 3 மணியிலிருந்து 5.30 வரை, எட்டு வாரம். பிரெஞ்சு மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. அதைப் படிக்க நினைப்பவர்களுக்கு இது இடமுமில்லை. படத்தை வீட்டில் பார்த்துவிட்டுப் போகவேண்டும். வகுப்பில் மூன்று நாலு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும்தான் பிரித்துப் பார்ப்பார்கள்.

வகுப்பின் உயிரே காட்சி அட்டவணைதான். கொப்பியில் ஐந்து நிரல்: ஷொட் (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஓடும் துண்டு) இலக்கம், செக்கன், கமரா எவ்வளவு கிட்ட, அதன் அசைவு, ஒலி. முதல் தடவை ஒலியை நிறுத்திப் பார்ப்பது, அடுத்த தடவை திரையை மறைத்துக் கேட்பது, பிறகு இரண்டும் சேர்த்து. வெட்டு விழும் இடம் பிடிபடாவிட்டால் கணினியில் படம் ஓட்டும் வீஎல்சி மென்பொருளில் ‘ஈ’ விசையைத் தட்டினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக, நகரும். 30 ஷொட் நிரப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு அதை விமர்சனம் என்று நினைக்கும் பழக்கம் அந்த மணித்தியாலத்தில்தான் கழலும்.

மிகச் சிறந்த பாடம் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘400 புளோஸ்’ (1959) படத்தில் வரும் உளவியலாளர் காட்சி. கேள்வி கேட்பவரின் குரல் மட்டும்தான் வரும், முகம் வராது. பையனின் ஷொட்டுகள் ஒன்றில் ஒன்று கரைந்து மாறும். எதிர் ஷொட் (எதிரே இருப்பவரைக் காட்டும் ஷொட்) ஏன் இல்லை என்று அட்டவணை கேட்க வைக்கிறது: கேட்பவரின் கதிரையில் நாங்கள்தான் இருக்கிறோம். சட்டகத்துக்கு, அதாவது கமரா காட்டும் எல்லைக்கு, வெளியே இருப்பதை பிரெஞ்சில் ‘ஓர்-ஷோன்’ என்பார்கள். அந்தச் சொல்லை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

குறை திரையிடலில். இந்தப் படம் 2.35:1 அகலத்தில் எடுத்தது. திரை நிரம்பவேண்டும் என்று புரொஜெக்டரை ‘சூம்’இல் விட்டால், 16:9 திரையில் படத்தின் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இரு பக்கமும் வெட்டுப்படும். ஓரத்தில் நிற்பவரே காணாமல் போனபிறகு சட்டக அமைப்பைப் பற்றி என்ன பேசுவது? மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரட்டும் என்று விடுங்கள்.

சப்டைட்டிலும் சதி செய்கிறது. செக்கனுக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குச் செய்ததை 24 ஃபிரேம் படத்தில் போட்டால் தொடக்கத்தில் பொருந்தும், ஒரு மணித்தியாலத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். வீஎல்சியில் ஜி, எச் விசைகளால் சப்டைட்டிலின் நேரத்தை முன்பின் தள்ளிப் பயனில்லை. பத்து நிமிடத்தில் திரும்பவும் 24 செக்கன் விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 25இலிருந்து 24க்கு மாற்றவேண்டும்.

பெரிய மனக்குறை ஒன்று உண்டு. இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை வென்ற பிரெஞ்சுப் படம், பேச்சில் பெரும்பகுதி தமிழ், தீபனாக நடித்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் பிறந்தவர். மற்றப் படங்களில் கண் சட்டகத்தின் அடியில் எழுத்திலேயே கட்டுண்டு கிடக்கும். இதில் பாரிஸ் பார்வையாளர்தான் வாசிக்கவேண்டும், எங்கள் கண் முகங்களில் தாராளமாக நிற்கும். பார்க்கப் பழக இதைவிட நல்ல முதல் வாரம் எது? சேருபவர்கள் வகுப்புக்கு முன்பே அதில் ஒரு காட்சிக்கு அட்டவணை போட்டுக்கொண்டு போங்கள்.