பச்சைப் பெட்டிக்குள் பழைய நாதம்: ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் ஆம்ப்ளிஃபயருக்கு அடுத்தபடியாகத் தேடி வாங்கும் பொருள்களில் ஒன்று, காலால் அழுத்தி கிட்டாரின் ஒலியை மாற்ற உதவும், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான இந்தப் பச்சைப் பெடல். 1982இல் அறிமுகமாகி, சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் தயாரிப்புக்கு வந்த டிஎஸ்9ஐ ஓராண்டுக்கும் மேலாக வாசித்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

இதை வாங்குபவர்களில் பெரும்பாலோரின் மனத்தில் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் இருக்கிறார். என் மனத்திலும் அவரே இருந்தார். 1983இல் வெளியான 'டெக்சஸ் ஃப்ளட்' இசைத்தட்டின் நாதம் தன் விரலிலிருந்தும் எழ வேண்டும் என்று விரும்பாத கிட்டார் கலைஞர் குறைவு. ஆனால் அந்த நாதத்தில் தடித்த தந்திகளுக்கும், அரை ஸ்வரம் இறக்கிய சுருதிக்கும், உரக்கத் திறந்துவிட்ட ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய மணிக்கட்டுக்கும் உள்ள பங்கு பெரிது. பெடல் தருவது அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே. அவரும் தமக்கு முந்தைய கிட்டார் கலைஞர்களான ஆல்பர்ட் கிங்கையும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும் பார்த்துப் பயின்றவர்தான். குரு பாடிய சங்கதியை அப்படியே திருப்பிப் பாடிப் பழகும் சீடனைப் போல அவர்களுடைய பாணியை உள்வாங்கி, பிறகு தமக்கென ஒரு குரலைக் கண்டடைந்தார். பெடலின் குமிழ்களை அவர் எந்த நிலையில் வைத்தார் என்பதைத் தேடி எடுத்து அதோடு நின்றுவிடும் நாம், அவர் நடந்த பாதையில் பாதியைக்கூட நடப்பதில்லை என்பது என் வருத்தம்.

பெயரில் 'டியூப்' இருந்தாலும் இதனுள் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய் எதுவும் கிடையாது. வால்வு ஆம்ப்ளிஃபயரை உரக்க வைக்கும்போது ஒலி மென்மையாகச் சிதறுமே, அந்தச் சிதறலை ஒரு சிறு சிப்பும் இரண்டு டயோடுகளும் கொண்டு போலச் செய்வதற்காகவே இந்தச் சுற்று உருவானது. சிதறலின் அளவுக்கு டிரைவ், ஒலியின் கூர்மைக்கு டோன், உரப்புக்கு லெவல் என்று மூன்றே குமிழ்கள். ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாதத்தை இது படிப்படியாகக் குறைத்து நடுநாதத்தை முன்னே தள்ளுவதால், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவிலும் கிட்டாரின் குரல் தனித்துக் கேட்கிறது. தனியே அறையில் வாசிக்கையில் அதே குணம் ஒலியை மெலிந்ததாகக் காட்டும்.

மெலிவாகத் தோன்றும் இந்தக் குணத்தை ஹெவி மெட்டல் இசைக் கலைஞர்கள் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே கடுமையாகச் சிதறும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பெடலை வைத்து, டிரைவை முற்றிலும் குறைத்து, லெவலை முழுக்கத் திருப்பினால், அடிநாதத்தின் குழைவு நீங்கி ஒவ்வொரு அடியும் இறுகி ஒலிக்கிறது. ஏழு, எட்டுத் தந்திக் கிட்டார்களில் அடித்தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அதிவேகமாக வாசிக்கும் இன்றைய இசையில், பழைய ப்ளூஸ் ஒலிக்குப் பெயர்பெற்ற இந்தப் பெட்டி இன்றியமையாத துணையாகிவிட்டது. ஒன்றைப் போலச் செய்யப் பிறந்த கருவி, அது பிறந்த நாளில் யாரும் கேட்டிராத ஓர் ஒலிக்கு உதவுகிறது என்பதே இதை நான் மதிக்கக் காரணம்.

நான் முயன்றது வேறொன்று. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரசன்னா வாசிக்கும் கர்நாடக இசையைக் கேட்டபின், தோடியின் காந்தாரத்தை இரண்டாம் தந்தியில் கமகத்தோடு அசைத்து இழுத்துப் பார்த்தேன். பெடல் இல்லாதபோது இரண்டாவது அசைவுக்குள் நாதம் தேய்ந்துவிடுகிறது. டிரைவைப் பாதிக்கு வைத்து, டோனைச் சற்றுக் குறைத்தால், நான்காம் அசைவு வரை நாதம் அறாமல் நிற்கிறது. தந்தி மேலேறி இறங்கும் இடைவெளிகூடத் தெளிவாகக் கேட்கிறது. விரல் உராயும் ஓசையும் கூடவே பெரிதாவதால், பக்கத்துத் தந்திகளை வலது உள்ளங்கையால் அடக்கி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு முந்தைய மாதிரியான டிஎஸ்808இன் அசல் பெட்டிகளுக்குச் சிலர் பன்மடங்கு விலை கொடுக்கிறார்கள். இரண்டு சுற்றுகளுக்கும் இடையிலுள்ள முக்கிய வேறுபாடு, வெளியீட்டுப் பகுதியில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களின் (மின்தடைகளின்) மதிப்பு மட்டுமே. அரும்பொருள் சேகரிப்பவருக்கு அந்த விலை பொருந்தலாம். வாசிப்பவர் டிஎஸ்9ஐ வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல தந்திகள் வாங்கிக்கொள்ளலாம்.